உங்களுக்குத் தெரியுமா? லேப்டாப்பின் ஒற்றைக் கண்

லேப்டாப் திரைக்கு மேலே இருக்கும் கேமரா, பெரும்பாலான மாடல்களில் ஒரு யூஎஸ்பி கருவிதான். மவுஸும் பென் டிரைவும் மதர்போர்டோடு பேசும் அதே வழியில்தான் அதுவும் பேசுகிறது. கையால் உருவ முடியாதபடி உள்ளேயே ஒயர் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆகவே கேமரா போனால் லேப்டாப்பே போச்சு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது கழற்றி மாற்றக்கூடிய, பட்டையான ஒரு சின்னத் துண்டு.

பக்கத்தில் உள்ள குட்டி விளக்கு எரிகிறது, படம் மட்டும் கறுப்பா? பெரும்பாலும் கேமரா விழித்துக்கொண்டுதான் இருக்கும், அதன் கண்ணை எதுவோ மறைத்திருக்கும். மேல்விளிம்பை விரல் நுனியால் தடவிப் பாருங்கள். திங்க்பேட் போன்ற லேப்டாப்களில் லென்ஸுக்கு மேல் நகரும் ஒரு தள்ளுமூடி உண்டு. திங்க்பேடில் சிவப்புப் புள்ளி தெரிந்தால் மூடியிருக்கிறது என்று பொருள். பையில் வைத்து எடுக்கும்போது தானாகவே நகர்ந்துவிடும் அளவுக்கு அது சிறியது.

சில ஹெச்பி மாடல்களில் பக்கவாட்டில் ஒரு பொத்தான் இருக்கும். அதைத் தள்ளினால் கேமராவின் மின் இணைப்பே துண்டிக்கப்படும். அப்போது டிவைஸ் மேனேஜரில் கேமராவின் பெயர்கூட இருக்காது. பொத்தானைக் கவனிக்காமல் டிரைவரைத் தேடித் தேடி இரவைக் கழிப்பவர்கள் இருக்கிறார்கள். வேறு லேப்டாப்களில் இதே வேலையை விசைப்பலகையின் மேல்வரிசையில், கேமரா படத்துக்குக் குறுக்கே கோடு போட்ட ஒரு விசை செய்யும்.

விண்டோஸ் காட்டும் பிழைக்குறியின் கடைசி நான்கு இலக்கங்களை மட்டும் பாருங்கள். 4244 என்று முடிந்தால் கேமராவே கண்ணில் படவில்லை என்கிறது. 4243 என்றால் கேமரா இருக்கிறது, வேறொரு செயலி அதைப் பிடித்து வைத்திருக்கிறது. முன்னதற்குப் பொத்தான், டிரைவர், ஒயர் என்று தேட வேண்டும். பின்னதற்குப் பின்னணியில் திறந்து கிடக்கும் ஸூமை மூடினாலே போதும்.

ஸூமில் முகம் தெரிகிறது, கூகுள் மீட்டில் தெரியவில்லையா? கேமராமீது குற்றமில்லை. விண்டோஸ் தரும் அனுமதி வேறு, பிரவுசர் அந்தந்தத் தளத்துக்குத் தரும் அனுமதி வேறு. செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குள் போனால் கேமராவுக்கே ஒன்றுக்கு மேற்பட்ட சுவிட்சுகள் இருக்கின்றன. டெஸ்க்டாப் செயலிகளுக்கானது கடைசியில் தனியாக இருக்கும். பலரும் அதுவரை இறங்கிப் பார்ப்பதில்லை.

படத்தில் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழுமாக ஊர்கின்றனவா? இதற்குக் காரணம் உங்கள் வீட்டு மின்சாரம். இந்தியாவிலும் இலங்கையிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் டியூப்லைட்டும் மலிவான எல்இடி விளக்குகளும் நொடிக்கு 100 முறை மங்கி ஒளிர்கின்றன. கண்ணுக்குத் தெரியாத அந்த நடுக்கம் கேமராவுக்குத் தெரியும். அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். கேமரா அந்த அளவுக்கு வைக்கப்பட்டிருந்தால், நம் ஊர் விளக்கொளியும் அது படம் பிடிக்கும் வேகமும் ஒத்துப்போகாமல் பட்டைகள் விழுகின்றன. கேமரா அமைப்பில் 'ஃப்ளிக்கர்' என்றோ 'பவர் லைன் ஃப்ரீக்வென்சி' என்றோ இருப்பதை 50-க்கு மாற்றுங்கள். பட்டைகள் போய்விடும். இதற்காகப் போய் யாரும் கேமரா மாட்யூலை மாற்றிவிடக் கூடாது என்பதால்தான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

முகம் தலைகீழாகத் தெரிந்தால் பதற வேண்டாம். சில பழைய ஆஸுஸ் லேப்டாப்களில் கேமராவைத் தலைகீழாகவே பொருத்தியிருந்தார்கள். நிறுவனத்தின் டிரைவர்தான் படத்தைத் திருப்பி நிமிர்த்தியது. விண்டோஸைப் புதிதாகப் போட்டு, அதோடு வரும் பொது டிரைவரே போதும் என்று விட்டுவிட்டால் உங்கள் வீட்டு மின்விசிறி தரையில் சுற்றும்.

லேப்டாப் கேமரா ஏன் இவ்வளவு மங்கல்? 720பி என்றால் 1280-ஐ 720-ஆல் பெருக்கி வரும் 9,21,600 புள்ளிகள். ஒரு மெகாபிக்சல்கூடத் தேறாது. இதைச் சுருக்காமல் நொடிக்கு 30 படமாக அனுப்ப ஏறக்குறைய 442 மெகாபிட் வேகம் வேண்டும். யூஎஸ்பி 2.0 வழியின் மொத்த வேகமே ஏட்டில் 480 மெகாபிட், நடைமுறையில் அதைவிடக் குறைவு. அதனால் ஒவ்வொரு படத்தையும் நசுக்கித்தான் அனுப்ப வேண்டியிருக்கிறது. சில மில்லிமீட்டர் தடிமனே உள்ள மூடிக்குள் பெரிய லென்ஸ் வைக்கவும் இடமில்லை. முகத்துக்கு எதிரே ஒரு விளக்கை வையுங்கள். எந்த டிரைவரும் தராத தெளிவை அது தரும்.

இனி ஒயர். திரையை மெல்ல முன்னும் பின்னும் சாய்த்துப் பாருங்கள். ஒரு கோணத்தில் படம் வந்து இன்னொரு கோணத்தில் போனால், கீல் வழியாக ஓடும் கேபிளைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் மடங்கி நிமிர்வது அதுதானே. பல மாடல்களில் திரைக்கும் கேமராவுக்கும் சேர்த்து ஒரே கேபிள்தான். திரையும் அவ்வப்போது மினுக்கினால் சந்தேகம் உறுதியாகிறது. இந்த நிலையில் கேமராவை மட்டும் மாற்றுவது வீண் செலவு.

பழுது விண்டோஸிலா, கருவியிலா என்று பிரித்தறிய ஒரு நல்ல வழி: உபுண்டுவை ஒரு பென் டிரைவில் ஏற்றி, கணினியில் நிறுவாமல் அதிலிருந்தே இயக்குங்கள். அங்கே கேமரா தெரிந்தால் ஸ்க்ரூ டிரைவரைத் தொடவே வேண்டாம்.

பிரித்தே ஆக வேண்டும் என்றால், பின்மூடியைக் கழற்றியதும் முதல் வேலை பேட்டரி கனெக்டரை விடுவிப்பது. திரையைச் சுற்றியுள்ள பெசலைப் பிளாஸ்டிக் அட்டையால் நெம்புங்கள், கத்தி வேண்டாம். புதிய மாட்யூல் வாங்க லேப்டாப் மாடலின் பெயர் மட்டும் போதாது. ஒரே மாடலில் வெவ்வேறு மாட்யூல்கள் வருவதுண்டு. பழையதன் முதுகில் உள்ள பார்ட் நம்பரைப் படம் எடுத்துக்கொண்டு சென்னை ரிச்சி தெரு போன்ற கடைத்தெருவுக்குப் போங்கள். பெசலை மூடி அழுத்துவதற்கு முன்பே ஒருமுறை கேமராவை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். திரையின் கண்ணாடி விளிம்புவரை ஒட்டப்பட்ட லேப்டாப் என்றால் கடையில் கொடுப்பதே நல்லது.

கேமராவுக்கு மேல் ஒட்டும் பிளாஸ்டிக் மூடிகளைப் பற்றி ஆப்பிள் 2020-இல் எச்சரித்தது. மேக்புக்கில் திரைக்கும் விசைப்பலகைக்கும் இடையே அவ்வளவு குறைந்த இடைவெளி. மூடியோடு சேர்த்து மடக்கினால் திரையே விரிசல் விடலாம். சாதாரணத் தாளின் தடிமனைத் தாண்டக் கூடாது என்றது.

உலகின் முதல் வெப்கேம் ஒரு காபி ஜாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. 1991-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தில், நடந்து போய்க் காலி ஜாடியைப் பார்த்து ஏமாறுவதைத் தவிர்க்க வைத்தார்கள். 128-க்கு 128 புள்ளிகள், கறுப்பு வெள்ளை. 1993-இல் இணையத்துக்கு வந்து, 2001-இல் அணைக்கப்பட்டது. ஜாடியை ஏலத்தில் 3,350 பவுண்டுக்கு எடுத்தது ஜெர்மனியின் ஷ்பீகல் இணைய இதழ். அதைப் பழுது நீக்கிக் கொடுத்தவர்கள் அதைத் தயாரித்த கிரப்ஸ் நிறுவன ஊழியர்கள், அதுவும் காசு வாங்காமல்.

நாளைக் காலை இன்டர்வியூ, இன்று இரவு கேமரா போய்விட்டதா? கையில் இருக்கும் போன் போதும். மேக்கில் 2022 முதல் ஐபோனே கேமராவாக இணைகிறது. விண்டோஸ் 11-இல் ஆண்ட்ராய்டு போனை அதேபோல இணைக்கலாம். நாலு புத்தகங்களை அடுக்கி, போனைக் கண் மட்டத்தில் சாய்த்து வைத்து, சார்ஜரைச் செருகிவிட்டுத் தூங்கப் போங்கள். கேபிளை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.