கூரை இடுக்கில் ஒளித்த தோல்

காதல் கதை என்றால் கல்யாணத்தில் முடிய வேண்டும் என்பது நம்மிடையே எழுதாத சட்டம். கதாநாயகி நாற்பது வாரம் கண்ணீர் விடலாம். நாற்பத்தோராவது வாரம் நாதஸ்வரம் கேட்காவிட்டால் வாசகிகள் பத்திரிகாசிரியரைச் சும்மா விடமாட்டார்கள். ஆனால் கல்யாணத்தில் ஆரம்பித்து, ஏழு குழந்தைகள் பிறந்து, பிறகு ஒரு நாள் தாயார் ஓடிப் போய்க் கடலில் குதித்து மறைவதோடு முடிகிற காதல் கதையும் உலகத்தில் உண்டு. அது ஸ்காட்லாந்து தேசத்துத் தீவுகளின் கதை. சொல்கிறவர்கள் அந்தத் தாயாரை ஒரு வார்த்தை குறை சொல்வதில்லை. கேட்கிறவர்களுக்குத்தான் மனம் சமாதானம் அடைவதில்லை.

ஸ்காட்லாந்தின் வட கோடியைத் தாண்டியதும் கடலில் சிதறிக் கிடக்கின்றன ஆர்க்னித் தீவுகள். மொத்தம் சுமார் 70. ஜனங்கள் வசிப்பது ஏறக்குறைய 20 தீவுகளில்தான். இன்னும் வடக்கே போனால் ஷெட்லாண்டுத் தீவுகள். மரம் என்று சொல்லிக் கொள்ள அங்கே அதிகம் இல்லை. காற்று ஓய்வதில்லை. நடுக்கோடையில் இரவு பத்து மணிக்கும் வெயில் இருக்கும். டிசம்பர் மாதத்திலோ பிற்பகல் மூன்றரை மணிக்குள் சூரியன் மறைந்து விடும். அந்த நீண்ட இருட்டில் அடுப்பங்கரையைச் சுற்றி உட்கார்ந்து பேசுவதற்குக் கதைகள் வேண்டாமா?

வேடிக்கை என்னவென்றால், இந்தத் தீவுகளே ஒரு கல்யாணத்தில் கை மாறியவை. டென்மார்க், நார்வே இரண்டுக்கும் அரசனாக இருந்த முதலாம் கிறிஸ்டியன் தன் மகள் மார்கரெட்டை ஸ்காட்லாந்து அரசன் மூன்றாம் ஜேம்ஸுக்குக் கொடுக்க 1468-ல் நிச்சயம் செய்தான். சீர் 60,000 பொற்காசு. பெண்ணின் தகப்பனார் அரசரானாலும் கையில் ரொக்கம் இல்லை! 50,000-க்கு ஆர்க்னியை அடகு வைத்தான். பாக்கி 10,000-ல் 2,000 தான் புரட்ட முடிந்தது. எஞ்சிய 8,000-க்கு அடுத்த வருஷம் ஷெட்லாண்டையும் அடகு வைத்தான். அடகு மீட்கப்படவே இல்லை. 1472-ல் இரண்டும் ஸ்காட்லாந்தோடு சேர்ந்து விட்டன. பெண்ணைப் பெற்றவனின் கஷ்டம் எந்தச் சீமையிலும் ஒன்றுதான் போலும்.

பாறை மேல் வெயில் காய்ந்தவர்கள்

இந்தத் தீவுகளின் பாறைகளில் கூட்டம் கூட்டமாகப் படுத்திருக்கும் பிராணி ஒன்று உண்டு. சீல் என்கிற கடல் நாய். ஆர்க்னிப் பேச்சில் அதற்கு 'செல்கி' என்று பெயர். வழவழப்பான தோல், உருண்டைத் தலை, கறுத்துப் பெரிதான ஈரக் கண்கள். படகில் போகிறவர்களைத் தண்ணீரிலிருந்து தலையை நீட்டி அது உற்றுப் பார்க்கும்போது, யாரோ தெரிந்தவர் பார்ப்பது போலவே இருக்கும்.

சில குறிப்பிட்ட நாட்களில் இந்தச் செல்கிகள் கரையேறி, தோலைக் கழற்றி வைத்து விட்டு, அழகான ஆண்களாகவும் பெண்களாகவும் மாறும் என்பது தீவுவாசிகளின் நம்பிக்கை. மறுபடி கடலுக்குத் திரும்ப வேண்டுமானால் அந்தத் தோல் வேண்டும். தோல் போனால் வீடே போனது போல.

ஆர்க்னியின் ஸாண்டே தீவைச் சேர்ந்த வால்ட்டர் ட்ரெய்ல் டென்னிஸன் (1825 - 1894) என்ற விவசாயி, ஜனங்கள் சொல்லக் கேட்ட கதைகளை ஊர்ப் பேச்சு மாறாமல் எழுதி வைத்தார். அவற்றில் முக்கியமானது வாஸ்ட்னெஸ் பண்ணைக்காரனின் கதை.

வாஸ்ட்னெஸ் பண்ணைக்காரன் வசதியுள்ளவன், பார்க்கவும் லட்சணமானவன். பெண் கொடுக்கப் பலர் காத்திருந்தார்கள். அவனோ, "ஆதாமே மனைவியின் பேச்சைக் கேட்டுத்தானே கெட்டான்?" என்று சிரித்துத் தட்டிக் கழித்து வந்தான். "ஜாக்கிரதை, உன்னையும் ஒருத்தி மயக்குவாள்" என்று ஒரு கிழவி எச்சரித்தாள். அவன் கேட்கவில்லை.

ஒரு நாள் கடல் வற்றியிருந்த நேரம். தட்டையான பாறை ஒன்றின் மேல் செல்கி ஜனங்கள் சிலர் வெயில் காய்ந்து கொண்டும் விளையாடிக் கொண்டும் இருப்பதைக் கண்டான். பதுங்கிப் பதுங்கிப் போய்ச் சட்டென்று பாய்ந்தான். எல்லோரும் தத்தம் தோலை வாரிக் கொண்டு தண்ணீரில் குதித்தார்கள். ஒரு தோல் மட்டும் இவன் கையில் சிக்கியது. அதைத் தோளில் போட்டுக் கொண்டு வீட்டை நோக்கி நடந்தான். பின்னால் அழுகைக் குரல். திரும்பிப் பார்த்தால், அழகே உருவான ஒரு பெண் கண்ணீர் வழியத் தொடர்ந்து வருகிறாள். "ஐயா, உங்களுக்கு இரக்கம் உண்டானால் என் தோலைக் கொடுத்து விடுங்கள். அது இல்லாமல் நான் என் ஜனங்களோடு இருக்க முடியாதே!" என்று கெஞ்சினாள்.

அவனுக்கு இரக்கமும் வந்தது; அதோடு கூட ஆசையும் வந்தது. ஆசை ஜெயித்தது. வேறு போக்கிடமில்லாத அந்தப் பெண் அவனை மணந்து கொண்டாள்.

ஏழு குழந்தைகள்

அவன் கொடியவன் என்று கதை சொல்லவில்லை. அடித்தான், பட்டினி போட்டான் என்று ஒரு சொல் கிடையாது. அவளும் சிக்கனமாக, கெட்டிக்காரத்தனமாகக் குடும்பம் நடத்தினாள். நாலு பிள்ளைகள், மூன்று பெண்கள் பிறந்தார்கள். தீவிலேயே அப்படி அழகான குழந்தைகள் இல்லை. சிரித்த முகமாகவே வளைய வந்தாள். ஆனால் சில வேளைகளில் மட்டும் கண் கடலின் பக்கம் போய் அங்கேயே நின்று விடும். வீட்டில் தனியாக இருக்கும்போதெல்லாம் எதையோ தேடிக் கொண்டிருந்தாள்.

ஒரு நாள் பண்ணைக்காரன் மூன்று பிள்ளைகளுடன் மீன் பிடிக்கப் போனான். மற்றொரு பிள்ளையையும் இரண்டு பெண்களையும் சிப்பி பொறுக்கி வரும்படி தாயார் அனுப்பி விட்டாள். காலில் புண்ணோடு கடைக்குட்டிப் பெண் மட்டும் வீட்டில் இருந்தாள். தாயார் மேலும் கீழும் துழாவுவதைப் பார்த்து, "என்ன அம்மா தேடுகிறாய்?" என்று கேட்டாள்.

"யாரிடமும் சொல்லாதே, கண்ணே. உன் கால் புண் ஆறுவதற்குச் செருப்பு தைக்க அழகான தோல் ஒன்று தேடுகிறேன்."

"எனக்குத் தெரியுமே! ஒரு நாள் நீ வெளியே போயிருந்தாய். நான் தூங்குகிறேன் என்று அப்பா நினைத்துக் கொண்டார். அழகான தோல் ஒன்றை எடுத்தார். ஒரு நிமிஷம் அதையே பார்த்துக் கொண்டிருந்தார். அப்புறம் மடித்துக் கூரை இடுக்கில் வைத்து விட்டார்."

தாயார் பாய்ந்து சென்று இடுக்கில் கை விட்டாள். தோல் இருந்தது. குழந்தைக்கு விடை சொல்லி விட்டுக் கரைக்கு ஓடினாள். தோலைப் போர்த்துக் கொண்டு கடலில் குதித்தாள். அங்கே ஓர் ஆண் செல்கி அவளை வரவேற்றது. படகில் திரும்பிக் கொண்டிருந்த கணவன் இரண்டையும் பார்த்தான். அவள் முகத்தின் மேலிருந்த தோலை விலக்கி அவனிடம் பேசினாள்: அவன் தன்னிடம் நல்லபடியாகவே நடந்து கொண்டான், தனக்கும் அவனைப் பிடிக்கும், ஆனால் கடலில் இருக்கும் தன் புருஷனைத்தான் தன் மனம் அதிகம் நேசிக்கிறது என்றாள். அவ்வளவுதான். பிறகு அவளை யாரும் பார்க்கவில்லை.

இதே கதை ஆர்க்னிக்கு வடமேற்கே இருக்கும் பரோ தீவுகளிலும் வழங்குகிறது. அங்கே தோல் இருப்பது பூட்டிய பெட்டியில். சாவி கணவனின் இடுப்பில். ஒரு நாள் நடுக்கடலில் இடுப்பைத் தடவிப் பார்க்கிறான், சாவி இல்லை! அலறிக் கொண்டு வீட்டுக்கு வந்தால், குழந்தைகள் மட்டும் தனியாக இருக்கின்றன. அடுப்பு அணைக்கப்பட்டிருக்கிறது. கத்திகள் எல்லாம் எட்டாத இடத்தில் பத்திரமாக வைக்கப்பட்டிருக்கின்றன. போகிற தாயாரின் மனத்தை இதைவிடச் சுருக்கமாக யாரால் சொல்ல முடியும்? கதை நடந்ததாகச் சொல்லும் மிக்லாடலூர் கிராமத்துக் கடற்கரையில் 2014-ல் இந்தப் பெண்ணுக்குச் சிலையே வைத்திருக்கிறார்கள். தோலைக் கழற்றிக் கையில் பிடித்தபடி அவள் நிற்கிறாள்.

ஏழு துளிக் கண்ணீர்

பெண் செல்கி அகப்பட்டுக் கொண்டு வருகிறவள். ஆண் செல்கியோ அழைத்தால் வருகிறவன். கணவனிடம் சந்தோஷம் காணாத பெண் கடல் பொங்கி நிற்கும் சமயம் கரையில் உட்கார்ந்து ஏழு துளிக் கண்ணீரை நீரில் விட்டால் அவன் வந்து நிற்பானாம். டென்னிஸன் எழுதிய மற்றொரு கதையில் உர்ஸில்லா என்ற பணக்காரப் பெண், பிடிவாதமாகத் தன் பண்ணையாளையே மணந்து, ஏமாற்றம் அடைந்து, அதை வெளியே சொல்லவும் கௌரவம் இடம் தராமல், இப்படித்தான் ஏழு துளி விடுகிறாள். அவளுக்குப் பிறந்த குழந்தைகளின் விரல்களுக்கு நடுவே வாத்துக்கு இருப்பது போல் சவ்வு! வெட்ட வெட்ட அது வளர்ந்து, கடைசியில் உள்ளங்கையில் கொம்பு போலக் காய்த்து விட்டதாம். ரகசியத்தைக் குழந்தையின் கையே காட்டிக் கொடுத்தது.

எல்லாவற்றிலும் இருண்ட கதை ஒரு நாட்டுப்பாடல். ஷெட்லாண்டில் ஒரு கிழவி பாட, கேட்டு எழுதியது 1852-ல் அச்சாயிற்று. ஒரு பெண் தாலாட்டுகிறாள். குழந்தையின் தகப்பன் யாரென்று அவளுக்கே தெரியாது. அப்போது அவன் வந்து நிற்கிறான். தரையில் தான் மனிதன், கடலில் செல்கி, வீடு ஸூல் ஸ்கெரி என்ற பாறைத் தீவு என்கிறான். பொற்காசுப் பையைக் கொடுத்துப் பிள்ளையைத் தன்னோடு அழைத்துக் கொள்கிறான். போகும்போது ஒன்று சொல்கிறான்: அவள் துப்பாக்கிக்காரன் ஒருவனை மணப்பாள், அவன் சுடும் குண்டுகளில் அவளுடைய பிள்ளையும் மடிவான், தானும் மடிவேன் என்று. ஸூல் ஸ்கெரி கற்பனை இடம் அல்ல. ஆர்க்னிக்கு மேற்கே சுமார் 60 கிலோமீட்டர் தூரத்தில் கடல் நடுவே இருக்கிறது. 1895-ல் அங்கே கலங்கரை விளக்கம் கட்டினார்கள். 1982-ல் அது தானியங்கியாகியது. இப்போது அங்கே மனிதர் யாரும் வசிப்பதில்லை.

ஏன் பிறந்தன இந்தக் கதைகள்?

பாதிக் காரணம் அந்தப் பிராணியே. சீலின் கண்ணில் சுரக்கும் நீர் மூக்குக்குள் இறங்குவதற்கு நம்மைப் போல் குழாய் கிடையாது; ஆகவே கரையில் படுத்திருக்கும் சீல் எப்போதும் அழுது கொண்டிருப்பது போலவே தோன்றும். அதன் குரலோ மனிதன் முனகுவது போன்றது. துடுப்பைப் பிளந்து பார்த்தால் உள்ளே ஐந்து விரல் எலும்புகள் இருக்கும். இன்னொன்று: சாம்பல் நிறச் சீல் வகையில் தாய் தன் வெள்ளைக் குட்டிக்குச் சுமார் 18 நாள்தான் பால் கொடுக்கும். பிறகு குட்டியைக் கரையில் விட்டு விட்டுக் கடலுக்குப் போய் விடும். இதை ஆண்டுதோறும் பார்த்தவர்கள் அல்லவா அந்தத் தீவு ஜனங்கள்!

19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் டேவிட் மக்ரிட்சி என்பவர் வேறு காரணம் சொன்னார். தோல் படகில் கடல் கடந்து வந்த வடதேசத்து மனிதர்களைக் கண்டுதான் கதை கட்டினார்கள் என்றார். 1700-ஐ ஒட்டிக் கரை சேர்ந்த அப்படிப்பட்ட படகு ஒன்று அபர்டீன் சர்வகலாசாலையில் இருக்கிறது.

மற்றொரு பாதிக் காரணம் வீட்டுக்குள் இருக்கிறது. தீவு ஆண்கள் மீன் பிடிக்கவும் திமிங்கில வேட்டைக்கும் போனார்கள். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில், கனடாவில் வியாபாரம் செய்த ஹட்ஸன் விரிகுடா கம்பெனியின் ஊழியர்களில் முக்கால்வாசிப் பேர் ஆர்க்னிக்காரர்கள். அவர்கள் வருஷக்கணக்கில் திரும்ப மாட்டார்கள். கடலில் மூழ்கியவர்களோ திரும்பவே மாட்டார்கள். கரையில் நின்று தண்ணீரையே பார்த்துக் கொண்டிருந்த பெண்கள், தண்ணீரிலிருந்து தங்களைப் பார்க்கும் கண்களைக் கண்டால் என்ன நினைத்திருப்பார்கள்?

நமக்கும் இது முற்றிலும் புதிய கதை அல்ல. நிபந்தனையின் பேரில் புரூரவஸுடன் வாழ்ந்து, நிபந்தனை தவறியதும் மறைந்த ஊர்வசியை அறிவோம். அறிஞர்கள் இவற்றை ஒரே குடும்பத்துக் கதைகளாகத்தான் எண்ணுகிறார்கள். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. ஊர்வசி நிபந்தனை போட்டு வந்தாள். செல்கிப் பெண்ணிடம் சம்மதம் கேட்டவர் இல்லை.

குழந்தைகளை விட்டுப் போகலாமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். கதையும் அந்த விலையை மறைக்கவில்லை. கால் புண்ணோடு ஒரு சின்னப் பெண்ணை வாசலில் நிறுத்தித்தான் அவளை அனுப்புகிறது. ஆனால் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வியும் உண்டு. கணவன் நல்லவன், மனைவி அவனிடம் அன்பாகவே இருந்தாள், ஏழு குழந்தைகள் இருந்தார்கள். பின் எதற்காக அந்தத் தோலை ஒளித்தே வைத்திருந்தான்? என்றைக்காவது தானாக எடுத்து, "இது உன்னுடையது, வைத்துக் கொள்" என்று கொடுத்திருந்தால், ஒரு வேளை அவள் போயிருப்பாள். ஒரு வேளை, போகாமல் இருந்தாலும் இருந்திருப்பாள். அதைத் தெரிந்து கொள்ள அவனுக்குத் தைரியம் வரவில்லை. யாரும் இல்லாத நேரத்தில் அதை எடுத்து ஒரு நிமிஷம் பார்த்தான். மறுபடியும் மடித்துக் கூரை இடுக்கில் செருகி விட்டான்.

அவன் மனைவியை இழந்தது அந்த ஒரு நிமிஷத்தில்தான்.