ஆழ்கடலை அளக்கும் ஒலி

பட்டுக்கோட்டை போன்ற கடலோர வட்டாரங்களில் ஆழ்குழாய்க் கிணறு அமைக்குமுன், நிலத்தில் உலோகக் கம்பிகளை ஊன்றி மின்சாரம் செலுத்திப் பார்ப்பது உண்டு. உவர்நீர்ப் படுகை மின்னோட்டத்தை எளிதில் கடத்தும்; நன்னீர் மணற்படுகையோ அதனினும் மிகுதியான தடையைக் காட்டும். தோண்டாமலே மண்ணின் உள்ளமைப்பை அறியும் இம்முறை, புவி இயற்பியல் அளவையின் ஒரு கூறாகும்.

அதிராம்பட்டினத்துக் கரைக்கடலில் கழியூன்றியே ஆழம் காணலாம். நடு இந்தியப் பெருங்கடல் படுகையோ ஐயாயிரம் மீட்டர் ஆழமுடையது. அங்கே உருளைக்கிழங்கு அளவிலான பல்லுலோக முடிச்சுகள் சேற்றின்மீது பரவிக் கிடக்கின்றன. சுறாவின் பல்லையோ கற்சில்லையோ கருவாகக் கொண்டு, பத்து இலட்சம் ஆண்டுகளில் சில மில்லிமீட்டரே வளர்பவை அவை. மாங்கனீசு, நிக்கல், செம்பு, கோபால்ட் ஆகியன அவற்றில் செறிந்துள்ளன. 1987இல் உலகிலேயே முதலாவதாக முன்னோடி முதலீட்டாளர் தகுதியைப் பெற்ற இந்தியாவிற்கு, இன்று அங்கே 75,000 சதுர கிலோமீட்டரில் ஆய்வுரிமை உண்டு. இது தமிழ்நாட்டின் பரப்பில் பாதிக்கும் மேலானது.

இத்துணைப் பெரும்பரப்பை எங்ஙனம் அளப்பது? ஒளியும் வானொலி அலைகளும் கடல்நீரில் விரைவில் மங்கிவிடும். ஒலியோ நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் விரைவில் நெடுந்தொலைவு செல்லும். கப்பலின் அடியிலுள்ள கருவி, விசிறிபோல் பல ஒலிக்கற்றைகளைக் கீழே அனுப்பும். எதிரொலி மீள ஏறத்தாழ ஏழு நொடிகள் ஆகும். அந்நேரம் ஆழத்தைச் சொல்லும். எதிரொலியின் வன்மை தரையின் இயல்பைச் சொல்லும். மென்சேறு ஒலியை விழுங்க, முடிச்சுகள் மிகுந்த தரை வலுவாகத் திருப்பி அனுப்புகிறது.

ஆயினும் ஒரு பாகை அகலமுள்ள கற்றை, அவ்வாழத்தை எட்டுமுன் தொண்ணூறு மீட்டர் அளவிற்கு விரிந்துவிடும். அதில் ஒரு கிழங்களவுப் பொருள் எப்படித் தனித்துத் தெரியும்? ஆகவே கருவியே கீழிறங்க வேண்டியுள்ளது. சென்னைப் பள்ளிக்கரணையிலுள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகம், 2022இல் ‘சாகர் நிதி’ கப்பலிலிருந்து ஆளில்லாத் தானியங்கி ஊர்தியொன்றை 5,271 மீட்டர் ஆழத்திற்கு அனுப்பி அப்படுகையை ஆராய்ந்தது. இவ்வளவிற்குப் பின்னும், தரையிலிருந்து மாதிரி எடுத்து நிறுத்துப் பார்த்தாலன்றி முடிச்சின் அளவு உறுதியாகாது.

கடலடி மலைத்தொடர்களிலுள்ள கந்தகத் தாதுக்களைத் தேடக் காந்தமானி துணைபுரிகிறது. கொதிநீர் ஊற்றுகள் எரிமலைப் பாறையின் காந்தத் துகள்களைச் சிதைத்துவிடுவதால், அங்கே காந்தப்புலம் மெலிந்து காணப்படும்.

கனிமம் இருக்குமிடம் தெரிந்தவுடன் அள்ளிவிடலாமா என்பது தனி வினா. 1989இல் பெரு நாட்டை அடுத்த ஆழ்கடலில் செருமானிய அறிஞர்கள் சோதனைக்காக உழுத தடங்கள், 26 ஆண்டுகளுக்குப் பின்னும் அழியாதிருந்தன. முடிச்சுகளைப் பற்றி வாழும் கடற்பஞ்சு முதலிய உயிர்களுக்கு அச்சேற்றில் வேறு கெட்டியான பிடிமானம் அரிது. எனவே ஆய்வுரிமை பெற்ற நாடுகள், கனிமத்தோடு அங்குள்ள உயிர்களையும் கணக்கெடுத்துப் பன்னாட்டுக் கடற்படுகை ஆணையத்திற்கு அறிவிக்க வேண்டும்.