சார்ஜில் போட்டால் போன் ஆடுகிறதா?

போனைச் சார்ஜில் போட்டபடியே வாட்ஸ்அப்பில் ஏதோ அடிக்கிறீர்கள். 'அ'வைத் தொட்டால் 'ப' விழுகிறது, திரை தானாக மேலும் கீழும் ஓடுகிறது. வயரைப் பிடுங்கியதும் சாதுவாகிவிடுகிறது. டிஸ்ப்ளே போச்சு என்று சர்வீஸ் கடைக்கு ஓடுகிறோம். பல நேரம் குற்றவாளி போன் அல்ல, பேருந்து நிலையத்தில் நூறு ரூபாய்க்கு வாங்கிய சார்ஜர்.

சார்ஜருக்குள் ஒரு டிரான்சிஸ்டர் நொடிக்குப் பல்லாயிரம் தடவை மின்சாரத்தை விட்டு விட்டுத் தருகிறது. 65 கிலோஹெர்ட்ஸ் சாதாரணமான வேகம். அந்த அதிர்வெண்ணும் அதன் மடங்குகளும் இரைச்சலாகி, ஒரு பக்கம் வீட்டு வயரிங்கிலும் மறுபக்கம் போனிலும் இறங்கும். விரல் தொடுவதை மிக நுண்ணிய மின்மாற்றத்தால் உணரும் திரை இதில் குழம்பிப்போகிறது. இரைச்சலை வடிகட்டத்தான் நல்ல சார்ஜரில் சோக் சுருளும் சில கெப்பாசிட்டர்களும் உண்டு. நான் பிரித்துப் பார்த்த ஒரு மலிவுச் சார்ஜரில் அவற்றுக்கான துளைகள் போர்டில் அழகாக இருந்தன, பாகங்களைத்தான் காணோம். மிச்சம் பிடித்தது சில ரூபாய்.

இந்த இரைச்சலைக் கண்டுபிடிப்பதுதான் இ.எம்.சி. எனப்படும் மின்காந்த இசைவுச் சோதனை. சென்னை தரமணியில் மத்திய அரசின் சமீர் நிறுவனத்தில் இதற்கான கூடம் இருக்கிறது. வயர் வழியே கசியும் இரைச்சலை 150 கிலோஹெர்ட்ஸ் முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை அளப்பார்கள். அதற்கு மேல் காற்றில் பரவுவதை, சுவரெங்கும் கூம்பு கூம்பாக நுரைப்பஞ்சு ஒட்டிய அறையில், 3 அல்லது 10 மீட்டர் தள்ளி ஆன்டெனா வைத்துப் பிடிப்பார்கள். பிறகு தலைகீழ்: துப்பாக்கி போன்ற கருவியால் 8,000 வோல்ட் பொறியைப் பாய்ச்சி, பொருள் தாங்குகிறதா என்று பார்ப்பார்கள். பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்து கதவுப்பிடியைத் தொட்டால் சுள்ளென்று அடிக்குமே, அதே ரகம்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சார்ஜரில் உள்ள பி.ஐ.எஸ். முத்திரையும் 'ஆர்' எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் ஷாக், தீ போன்ற ஆபத்துகளுக்கான பாதுகாப்புச் சான்று மட்டுமே. இரைச்சலுக்கு அது பொறுப்பல்ல. ஆனாலும் அந்த எண்ணை 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் போட்டுப் பாருங்கள். எண்ணே போலி என்றால் மற்றதைப் பேச வேண்டியதில்லை. 'சி.ஈ.' குறி ஐரோப்பாவில் இ.எம்.சி.யையும் சேர்த்துச் சொல்வது. ஆனால் அது தயாரிப்பாளர் தானே ஒட்டிக்கொள்வது. அச்சகம் இருந்தால் போதும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவை மீடியம் வேவில், நிலையம் இல்லாத இடத்தில் திருப்பி, சார்ஜர் பக்கத்தில் கொண்டுபோங்கள். கரகரப்பு எகிறினால் கசிவு நிச்சயம். மலிவு எல்.இ.டி. பல்புக்கும் இதே சோதனைதான்.

பொருள் குறையுள்ளது என்றால் கேட்க உரிமை உண்டு. விற்பவர் பெட்டியில் சொன்ன தரம் பொருளில் இல்லாவிட்டால், அதுவே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி குறைபாடு. ஆன்லைனில் வாங்கியிருந்தால் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகச் சொல்லி, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். இல்லையெனில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழையுங்கள். அதற்கும் அசையாவிட்டால், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. சோதித்துத்தான் குறையை அறிய முடியும் என்றால், ஆணையமே பொருளை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும். சோதனைக் கட்டணத்தை மட்டும் முதலில் நீங்கள் கட்ட வேண்டும்.

ஆகவே என்னைப் போல சார்ஜரைப் பிரித்துவிடாதீர்கள். திரை ஆடுவதை இன்னொரு போனில் வீடியோ எடுத்து, பெட்டியோடும் பில்லோடும் பத்திரப்படுத்துங்கள். "பில் வேண்டாம்னா பத்து ரூபா குறைச்சுக்கலாம்" என்று கடைக்காரர் சொன்னால், அந்தப் பத்து ரூபாயைக் கொடுத்துவிட்டு பில்லை வாங்குங்கள்.