உங்களுக்குத் தெரியுமா? குறுக்குத்துறை மண்டபமும் 16,384 படிகளும்

எதிர்வெயிலில் நின்று, தாமிரபரணிக்குள் இருக்கும் குறுக்குத்துறை முருகன் கோயிலைப் படமெடுத்துப் பாருங்கள். வானம் சரியாக விழுந்தால் கல்மண்டபம் கரிக்கட்டையாகும். மண்டபத்தைச் சரிசெய்தால் வானம் சலவை வேட்டியாய் வெளுக்கும்.

ஜேபெக் கோப்பு சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 256 ஒளிப்படிகளைத்தான் வைத்துக்கொள்ளும். கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் 14 பிட் 'ரா' கோப்பிலோ 16,384 படிகள். அதனால்தான் கணினியில் 'ஷேடோஸ்' பட்டையை வலப்பக்கம் நகர்த்தியதும் இருட்டிலிருந்து தூண் எழுந்துவருகிறது, அதிலுள்ள உளித்தடம்வரை. கூடவே மணல் தூவியதுபோல் புள்ளிகளும் வரும், அது வேறு கதை. ஆனால் முழுதாக வெளுத்துப்போன வானத்தை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. அங்கே பதிவே இல்லையே! கைதேர்ந்தவர்கள் கொஞ்சம் இருட்டாகவே எடுப்பது இதற்காகத்தான். வயல் பச்சையைக் கூட்டும்போது மட்டும் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். நாற்று பிளாஸ்டிக் ஆகிவிடும்.

திருத்தம் ஒன்றும் புதிதல்ல. அந்தக்கால ஸ்டுடியோக்களில் கூர்சீவிய பென்சிலால் நெகட்டிவிலேயே அம்மைத் தழும்பை மறைத்தார்கள். தாமஸ் நோல், ஜான் நோல் சகோதரர்கள் உருவாக்கிய போட்டோஷாப் 1990-இல்தான் விற்பனைக்கு வந்தது. அது திறக்கும்போது பல ஆண்டுகளாகத் திரையில் தெரிந்த பெயர்களில் ஒன்றை நம்மவர்கள் சட்டென்று அடையாளம் கண்டிருப்பார்கள்: சீதாராமன் நாராயணன். திருச்சி மண்டலப் பொறியியல் கல்லூரியில் படித்தவர்.