சூளையில் உருவாகும் உந்துபொறி

திருக்கடையூர் போன்ற காவிரிப் படுகை ஊர்களில் பாண்டம் வனையும் குயவர், வேண்டிய அளவைவிடச் சற்றுப் பெரிதாகவே வனைவர். உலர்ந்து சூளையில் வேகும்போது மண் சுருங்கும் என்பது அவர்தம் பட்டறிவு. அவ்வறிவு இன்று விண்வெளிப் பொறியியலுக்கும் தேவைப்படுகிறது. சிறு செயற்கைக்கோள்களுக்கான நுண் உந்துபொறிகளைப் பீங்கானில் வடிக்கும் முயற்சியே அதற்குக் காரணம்.

உந்துவிசையின் தேவை

2009 பிப்ரவரி 10 அன்று, செயலிழந்த ரஷ்யச் செயற்கைக்கோளான காஸ்மாஸ் 2251, இயங்கிக்கொண்டிருந்த அமெரிக்காவின் இரிடியம் 33உடன் மோதியது. இரண்டும் சிதறி, ஈராயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகள் விண்குப்பையாயின. மோதலைத் தவிர்த்து விலகவும், பணி முடிந்தபின் தாழ்ந்து வளிமண்டலத்தில் எரிந்தழியவும் உந்துவிசை வேண்டும். ஓரிரு கிலோகிராம் எடையுள்ள செயற்கைக்கோள்கள் பலவற்றில் அதற்கு இடமில்லை. 2030ஆம் ஆண்டுக்குள் விண்குப்பை சேர்க்காத விண்பயணங்களை எட்டுவது இந்தியாவின் இலக்கு.

சிறுமையின் சிக்கல்

பெரிய பொறியை அப்படியே சுருக்கினால் அது இயங்காது. ஒரு கனசதுரத்தின் பக்கம் பத்தில் ஒன்றாகக் குறைந்தால், பரப்பு நூற்றில் ஒன்றாகவும் கனஅளவு ஆயிரத்தில் ஒன்றாகவும் குறையும். வெப்பம் கனஅளவுக்கேற்பப் பிறக்கிறது. பரப்பின் வழியே வெளியேறுகிறது. ஆகவே, சிற்றறையில் வெப்ப இழப்பின் விகிதம் பத்து மடங்காகிறது, எரிதல் அணைந்துவிடக்கூடும்.

கரக்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள், நீரை ஆவியாக்கி உந்தும் நுண்பொறியைச் சிலிக்கானில் உருவாக்கினர். சிலிக்கான் நுண்ணிய செதுக்கலுக்கு ஏற்றது. எனினும் வெப்பத்தை விரைந்து கடத்துவது. கண்ணாடி கலந்த பீங்கானோ அதில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கு வெப்பத்தையே கடத்துகிறது.

அடுக்கிச் சுடுதல்

அலுமினா, கண்ணாடித் துகள்களைப் பிசினுடன் கலந்து மெல்லிய பச்சைத் தாள்களாக்குவர். சுடாத மண்ணைப் பச்சை மண் என்பதுபோலவே இப்பெயரும். தாள்களில் எரியறை, கால்வாய், பீச்சுமுனை ஆகியவற்றை வெட்டி, வெள்ளிக் குழம்பால் மின்தடங்களை அச்சிட்டு, அடுக்கி அழுத்திச் சுடுவர். வெள்ளி 962 பாகை செல்சியசில் உருகும். எனவே சுமார் 850 பாகையிலேயே சுடுகின்றனர். அப்போது தாள் நூற்றுக்குச் சுமார் 13 பங்கு சுருங்கும். அதைக் கணித்தே வரைபடம் வரைகின்றனர்.

இம்முறையில் உருவான பொறியொன்றை மிங்சுன் வூ, ரிச்சர்டு எட்டர் ஆகியோர் 2009இல் வெளியிட்டனர். அறையினுள் பதித்த வெள்ளி மின்முனைகளில் மின்சாரம் பாய்ந்ததும் நீர்ம உந்துபொருள் சிதைந்து வளிமமாகி, பீச்சுமுனை வழியே சீறியது, எதிர்விசை பிறந்தது.

பீங்கான் நொறுங்கும் இயல்பினது. திடீர் வெப்ப மாற்றத்தில் விரிசலுறும். அக்குறையை வெல்லும் அளவிற்கே, சிறு செயற்கைக்கோள்கள் தம் பாதையைத் தாமே திருத்திக்கொள்ளும் ஆற்றலைப் பெறும்.