மெத்தை கேட்காத ஜூடோ

ஜூடோ என்றதும் ஒருவர் இன்னொருவரைச் சுழற்றித் தொப்பென்று போடும் காட்சிதான் மனதில் வரும். அதற்கு மெத்தை விரித்த கூடம் வேண்டும், தடித்த வெள்ளை அங்கி வேண்டும், அடிபடாமல் விழப் பழக்கும் ஆசிரியர் வேண்டும். ஒரு பள்ளிக்கூடம் பின்வாங்க இவ்வளவு போதும். பெங்களூர் பிரேசர் டவுனையே எடுத்துக்கொள்வோம். 1898-ல் பிளேக் வந்து ஊரை உலுக்கிய பிறகு, கன்டோன்மென்ட்டின் நெரிசலைக் குறைக்க, காற்றும் வெளிச்சமும் புழங்கும்படி திட்டமிட்டு 1910-ல் எழுப்பிய பேட்டை அது. உடல்நலத்தை எண்ணிப் பிறந்த அந்தப் பேட்டையில் கோல்ஸ் பார்க்கின் புல்தரை இருக்கிறது. மெத்தைக்கு எங்கே போவது? போகவே வேண்டாம் என்பது என் கட்சி. ஜூடோவில் மெத்தை கேட்காத பகுதி ஒன்று உண்டு. பி.டி. பீரியடுக்குப் பொருத்தமானது அதுதான்.

1882-ல் டோக்கியோவில் கோடோகன் பள்ளியைத் தொடங்கிய ஜிகோரோ கானோ தொழிலால் கல்வியாளர். டிரில்லில் உடம்பு தேறும், அசைவுக்குப் பொருள் இல்லாததால் பிள்ளைகளுக்குச் சலித்துவிடும். விளையாட்டில் ருசி உண்டு, உடம்பு சீராக வளராது என்பது அவர் கண்ட குறை. அதற்கு மாற்றாக 1920களில் அவர் வகுத்ததுதான் ‘செய்ர்யோகு ஜென்யோ கொகுமின் தாயிகு’. பெயர்தான் வாயில் நுழையாது, பாடம் எளிது. தனிப் பயிற்சியில் முன், பின், பக்கம், மேல் என்று திசைதோறும் குத்து. வலப்பக்கம் செய்ததெல்லாம் இடப்பக்கமும் உண்டு. இரு உள்ளங்கைகளையும் முகத்துக்கு நேரே வட்டமாகச் சுழற்றும் ‘கண்ணாடி துடைத்தல்’ கூட அதில் இருக்கிறது. ஜோடிப் பயிற்சியில் பல அசைவுகள் ஜூ-நோ-கட்டா என்ற பழைய வரிசையிலிருந்து வந்தவை. அந்த வரிசையில் 15 அசைவுகள். ஒன்றில்கூட யாரும் கீழே விழுவதில்லை. தோள்சுழற்று ஒன்றைப் பாருங்கள். எதிராளியின் கையைப் பற்றித் திரும்பி, முட்டியை மடக்கி, அவரை முதுகில் ஏற்றுகிறார் ஒருவர். ஏறியவர் கால்களைச் சேர்த்துப் பலகைபோல் நீட்டிக்கொள்கிறார். எறிய வேண்டிய இடத்தில் அசைவு நின்றுவிடுகிறது. பிறகு மெல்ல இறக்கிவிடுகிறார். எறிந்திருந்தால் வேகமே பாதி வேலையை முடித்திருக்கும். நிறுத்தியதால் தூக்கியவரின் தொடையும் ஏறியவரின் முதுகும் முழுச் சுமையையும் வாங்குகின்றன. தன் இடுப்பை எதிராளியின் இடுப்புக்குக் கீழே கொண்டுபோகாதவரால் தூக்கவே முடியாது. நெம்புகோல் பாடத்தை இதைவிட நன்றாகக் கரும்பலகையில் நடத்திவிட முடியாது.

எதிர்க்காதவனைத் தூக்குவது வெறும் கூத்து என்பார்கள். சண்டைக்கு இது மட்டும் போதாது, உண்மை. கானோவே கட்டாவை, அதாவது வகுத்துவைத்த அசைவு வரிசையை, இலக்கணத்துக்கும், எதிர்த்துப் பிடிக்கும் ரந்தோரியைக் கட்டுரை எழுதுவதற்கும் ஒப்பிட்டார். ஆனால் பி.டி. பீரியட் சண்டைக்காரர்களை உருவாக்க வைத்ததல்ல. எடை பொருந்தாத இருவரைச் சேர்த்தால் முதுகு பிடித்துக்கொள்ளும் என்ற ஆட்சேபம்தான் கனமானது. ஜோடி பார்த்து நிறுத்துவதும், தூக்கும் அசைவுகளைக் கடைசியில் வைப்பதும் ஆசிரியர் பொறுப்பு. நம்மிடம் சிலம்பம் இருக்க ஜப்பான் சரக்கு எதற்கு என்றால், சிலம்பத்திலும் தனியாகக் காலடி பழகிய பிறகுதானே ஜோடி கட்டுகிறோம்? இந்த முறை நமக்கு அந்நியமில்லை. ஜூடோவும் அப்படித்தான். சாந்திநிகேதனில் ஜூடோ கற்றுத்தர 1929-ல் ஜப்பானிலிருந்து ஷின்சோ தகாகாகியை வரவழைத்தார் தாகூர். அந்த வகுப்பில் பெண்களும் பயின்றார்கள்.