வட்டுக்கோட்டைத் தேவாலயம்

வட்டுக்கோட்டைத் தேவாலயம் இலங்கையின் யாழ்ப்பாண மாவட்டத்தில் வலிகாமம் பகுதியில் உள்ள பழமையான கிறித்தவக் கோயில். போர்த்துக்கேயர் காலத்தில் கத்தோலிக்கக் கோயிலாக எழுந்து, ஒல்லாந்தர் காலத்தில் சீர்திருத்தத் திருச்சபைக் கோயிலாக மாறி, பின்னர் அமெரிக்க மிசனரிமாரிடம் சென்றது. இன்று தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனத்துப் பேராலயமாக உள்ளது.

வரலாறு

1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர், குடாநாட்டைப் பல கோயிற்பற்றுகளாகப் பிரித்து ஊர்தோறும் கோயில் கட்டினர். 1658இல் ஒல்லாந்தர் வந்தபோது புதிதாகக் கட்ட வேண்டிய தேவை அதிகம் இருக்கவில்லை. இருந்த கோயில்களையே திருத்திச் சீர்திருத்தத் திருச்சபைக்கு உரியனவாக்கினர். அப்போது யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய குருவானவர் பிலிப்பஸ் பால்டியஸ், 1672இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியான தமது நூலில் இக்கிராமக் கோயில்களை விவரித்து, அவற்றின் படங்களையும் சேர்த்தார்.

ஒல்லாந்தர் காலக் கோயில் வழிபாட்டிடம் மட்டுமல்ல. அதுவே ஊர்ப் பள்ளிக்கூடம்; ஊர்ப் பதிவகமும் அதுவே. ஞானஸ்நானமும் திருமணமும் அங்குள்ள பள்ளித் தோம்பில் எழுதப்பட்டன. எழுதப்படாத திருமணத்தின் பிள்ளைக்குச் சொத்துரிமை சிக்கலானது. அரச உத்தியோகத்துக்கும் ஞானஸ்நானம் வேண்டியிருந்தது. ஆகவே தோம்பில் இருந்த பெயர்களின் எண்ணிக்கையை விசுவாசிகளின் எண்ணிக்கையாகக் கொள்ள முடியாது. வீட்டில் சைவமும் தோம்பில் கிறித்தவமுமாக வாழ்ந்தோர் பலர்.

இதற்குச் சான்று விரைவிலேயே கிடைத்தது. 1795இல் ஆங்கிலேயர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினர். கட்டாயம் நீங்கியதும் கிராமக் கோயில்களில் சபைகள் கரைந்தன. 1806இல் யாழ்ப்பாணம் வந்த கிளாடியஸ் புக்கனன், தமிழருக்குப் போதிக்கும் புரட்டஸ்தாந்து போதகர் கிறித்தியன் தாவீது ஒருவரே அங்கு இருந்ததாக எழுதினார்.

1816இல் வந்த அமெரிக்க மிசனரிமாருக்குத் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் கிடைத்தவை பாழடைந்த ஒல்லாந்தர் காலக் கட்டடங்களே. வட்டுக்கோட்டையில் பெஞ்சமின் மெயிக்ஸ், ஜேம்ஸ் றிச்சர்ட்ஸ் ஆகியோர் திருத்த வேலைகளைத் தொடங்கினர். இவர்களும் கல்வின் மரபில் வந்தவர்கள் என்பதால், அரசு மாறியபோதும் கோயிலின் இறையியல் பெரிதும் மாறவில்லை எனலாம். மாறியது முறை: இப்போது ஆட்களை வரவழைக்கத் தண்டம் கிடையாது. 1823இல் டானியேல் புவரைத் தலைவராகக் கொண்டு இவ்வளவிலேயே வட்டுக்கோட்டைச் செமினறி தொடங்கியது. அங்கு படித்த சி. வை. தாமோதரம்பிள்ளை பிற்காலத்தில் சைவராக நின்று பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தார். செமினறி 1855இல் மூடப்பட்டது. அதன் வழியில் 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி தோன்றியது.

கட்டடக்கலை

குடாநாட்டில் கருங்கல் கிடையாது. கிடைப்பது கடற்கரைப் பவளக்கல்லும் நிலத்தடிச் சுண்ணாம்புக்கல்லும். பவளக்கல் வெட்டும்போது இளகியிருக்கும். காற்றுப் பட இறுகும். அதையே சுட்டால் சாந்துக்குரிய சுண்ணாம்பு கிடைக்கும். இக்காலக் கிராமக் கோயில்களின் சுவர்கள் இக்கல்லால் மிகத் தடிப்பாக எழுப்பப்பட்டவை. கூரையின் பாரத்தைத் தாங்குவதோடு, தடித்த சுவர் வெப்பத்தையும் தடுத்தது.

அமைப்பு எளிமையானது: நீண்ட செவ்வக மண்டபம், அதன் முடிவில் பீடப்பகுதி, இரண்டுக்கும் இடையே அரைவட்ட வளைவு. கத்தோலிக்க வழிபாட்டில் எல்லோருடைய பார்வையும் அவ்வளைவின் வழியே பீடத்தை நோக்கிச் செல்லும். சீர்திருத்தச் சபைக்குச் சொரூபங்களும் பீடமும் வேண்டாதவை. வேதம் வாசித்துப் பிரசங்கிக்கும் மேடையே முதன்மையானது. எனவே சுவரை இடிக்காமல், உள்ளேயிருந்த பொருள்களை அகற்றுவதே மதமாற்றத்துக்குப் போதுமாயிற்று.

பராமரிப்பு நின்றால் முதலில் விழுவது மரக்கூரை. அயலூரான சங்கானையில் அதே காலக் கோயிலொன்றின் பவளக்கற் சுவர்கள் கூரையின்றி நிற்பதைக் காணலாம். வட்டுக்கோட்டையில் கூரை மீண்டும் போடப்பட்டது. 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, சபாபதி குலேந்திரனை முதற் பேராயராகக் கொண்ட யாழ்ப்பாண ஆதீனமும் அதில் இணைந்தது.